பயிருக்கு நிவாரணம், கூலிக்கு?

2022 டிசம்பரில் தமிழக அரசு காலநிலை மாற்ற இயக்கத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமை. சரி. திருவையாற்றில் சம்பா மூழ்கினால் யார் இழப்பு கணக்கில் ஏறுகிறது? 33 விழுக்காடு பயிர்ச் சேதம் இருந்தால் நிவாரணம். அதற்கு அடங்கல் வேண்டும். நடவுக்கும் களைக்கும் போகும் தலித் பெண்ணிடம் ஏது அடங்கல்? அவள் இழந்த கூலிநாளுக்கு அதில் இடமில்லை.

வேளாண் பல்கலைக்கழகம் வெள்ளம் தாங்கும் நெல்லைத் தந்தது. பள்ளத்தில் தள்ளப்பட்ட சேரி வெள்ளம் தாங்குமா என்று எந்தப் பல்கலைக்கழகம் ஆராயும்?

மரம் நட்டுப் படம் எடுத்தது போதும். சேரிக்கு வாருங்கள். போன கூலிநாட்களை எண்ணுங்கள். தண்ணீர் நிற்கும் தெருக்களை வரைபடமாக்கி ஆட்சியர் மேசையில் வையுங்கள். எங்கள் பெண்களுக்கும் அங்கே நாற்காலி கேளுங்கள்.

1968இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலிப் போராட்டத்தில். இந்த மண்ணில் காலநிலை நீதியும் கூலியில்தான் தொடங்கும்.