ஒளியெழுத்தும் ஒற்றெழுத்தும்

ஓலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. எழுத்தாணியின் முனை ஓலையைத் துளைத்துவிடும் என்பது அதற்குக் கூறப்படும் காரணம். மெய் புள்ளி பெற்று நிற்கும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஏட்டில் எழுதியோர் அதனை விட்டனர். படிப்போர் இடமறிந்து உய்த்துணர்ந்தனர். ஏடுகளை அச்சேற்றிய பெருமக்கள் பட்ட பாட்டில் ஒரு பகுதி இப்புள்ளியில்லாமையால் வந்ததே. அச்சுக்கலை வந்த பின்னரே புள்ளி தன் இடத்தில் உறுதியாக அமர்ந்தது. அவ்வாறு அமர்ந்த புள்ளி, இன்று நம் கடைத்தெருக்களின் ஒளியெழுத்துகளில் மீண்டும் உதிர்ந்து கொண்டிருக்கிறது.

கோவில்பட்டியின் கடைவீதியில் விளக்கேற்றும் வேளைக்குப் பின் நடந்து பாருங்கள். முன்பெல்லாம் தகரப் பலகையில் எனாமல் வண்ணத்தால் ஓவியர்கள் பெயர் எழுதினர். எழுத்துக்குப் பின்னே நிழல் தீட்டி, அது பலகையிலிருந்து புடைத்து நிற்பது போன்ற தோற்றத்தைத் தூரிகையாலேயே கொண்டுவந்தனர். பின்னர்க் குழல்விளக்குப் பெட்டி வந்தது. அதன்பின் பிளக்ஸ் வந்தது. இப்போது எழுத்தே உண்மையில் புடைத்து நிற்கிறது. தன்னுள்ளிருந்து ஒளியும் வீசுகிறது. 1910இல் பாரிசு நகரக் கண்காட்சியில் ஜார்ஜ் கிளாடு நியான் விளக்கைக் காட்டினார். நீலநிற எல்.இ.டி. விளக்கைக் கண்ட ஜப்பானிய அறிவியலறிஞர் மூவர்க்கு 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நீலம் பிறந்ததனால்தான் வெள்ளொளி எல்.இ.டி. பிறந்தது, அது கரிசல் காட்டுப் பலகாரக் கடையின் நெற்றி வரையில் வந்து சேர்ந்துவிட்டது. அழகான பொருள்தான், நாம் அதனை வெறுப்பவரல்லர்.

இவ்வெழுத்து உருவாகும் முறையைச் சற்று அறிதல் வேண்டும். எழுத்தின் வடிவம் கணிப்பொறியில் வரையப்படுகிறது. அக்ரிலிக் தகட்டை இயந்திரம் அவ்வடிவில் வெட்டுகிறது. அலுமினியப் பட்டையை எழுத்தின் ஓரமெங்கும் வளைத்துச் சுவர் எழுப்பி, உள்ளே சிறு எல்.இ.டி. கட்டைகளை வரிசையாக ஒட்டிக் கம்பியால் இணைக்கின்றனர். ஆகவே ஒவ்வொரு தனித்துண்டும் ஒரு தனிப்பெட்டி. இங்கேதான் நம் புள்ளிக்குச் சோதனை தொடங்குகிறது. ஒரு நெல்லிக்காய் அளவுள்ள வட்டத்திற்கும் தனியே பெட்டி செய்ய வேண்டும். தனியே கம்பி இழுக்க வேண்டும். சிலர் விளக்கில்லாத வெறும் வட்டத்தை ஒட்டிவிடுகின்றனர்; அது பகலில் இருக்கும், இரவில் இராது. சிலர் பசையை மட்டும் நம்புகின்றனர்; நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகிப் புள்ளி வீழ்ந்துவிடுகிறது. வேறு சிலர் புள்ளியே வேண்டாமென முடிவு செய்துவிடுகின்றனர்.

விளைவு என்ன? 2020இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பண்டத்தின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘கோவில்பட்டி கடலைமிட்டாய்’ என்பதில் புள்ளிகள் நான்கு. நான்கும் அணைந்தால் ‘கோவிலபடடி கடலைமிடடாய’ என்றாகிறது. உள்ளூரார் பழக்கத்தால் படித்துவிடுவர். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தை என்ன செய்யும்? கடைப்பலகைகள்தாம் நம் பிள்ளைகளின் இரண்டாம் பாடப்புத்தகம்.

தமிழில் துண்டுகள் மிகுதி, செலவும் மிகுதி என்று வணிகப் பெருமக்கள் கூறுவதுண்டு. நாம் எண்ணிப் பார்த்தோம். ‘கோவில்பட்டி’ என்பதில் கொம்பு, கால், புள்ளி அனைத்தையும் சேர்த்துத் தனித்துண்டுகள் பத்து. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதினாலும் பத்தே. ‘கடலைமிட்டாய்’ பதினொன்று, ஆங்கிலத்தில் அதுவே பதின்மூன்று! வளைவுகள் மிகுந்த ண, ஞ போன்ற எழுத்துகளில் உழைப்பு கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. எழுத்தின் கோடு மெலிந்தால் விளக்குக் கட்டை உள்ளே அடங்காது என்பதும் உண்மையே. அதற்குத் தக்க தடித்த, சீரான வடிவைத் தேர்ந்தால் போதும்; தமிழையே தவிர்க்க வேண்டுவதில்லை.

தவிர்ப்பதும் நடக்கிறது, அதுவும் சட்டத்திற்கு உட்பட்டது போன்ற தோற்றத்துடன். 1948ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகளின் 15ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், பிறமொழி அதற்குக் கீழே வர வேண்டும் என்கிறது. தமிழ், ஆங்கிலம், பிறமொழி ஆகியவற்றிற்கு ஐந்து, மூன்று, இரண்டு என்னும் அளவு சொல்லப்படுகிறது. 2010இல் கோவையில் செம்மொழி மாநாடு கூடியபோது சென்னை மாநகராட்சி கெடு விதித்துப் பலகைகளை மாற்றச் செய்தது. நன்று. ஆனால் இவையெல்லாம் இடத்தை அளந்தன, ஒளியை அளக்கவில்லை. பகலில் அதிகாரி வந்து பார்த்தால் மேலே தமிழ் இருக்கும். மாலை ஆறரைக்குப் பின் கீழேயுள்ள ஆங்கிலம் மட்டும் பொன்னிறமாக ஒளிரும். தமிழ் இருளில் நிற்கும். நாட்டுக்கே தீக்குச்சி செய்து கொடுத்த ஊர்களில் இந்நிலை! விளக்கெரியும் நேரத்திலும் தமிழே முந்தித் தெரிய வேண்டும் என்று விதி திருந்துதல் வேண்டும் என்பது நம் கருத்து.

புள்ளியின் அருமை நம் கல்லூரிக் குடும்பத்தார்க்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. அரபியில் பா, தா, ஸா மூன்றிற்கும் உடல் ஒன்றே. கீழே ஒன்று, மேலே இரண்டு, மேலே மூன்று என்னும் புள்ளிகளே வேறுபாடு. தமிழின் ஒலிகளை எழுதுவதற்கு நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுத்துகளுக்குக் கூடுதல் புள்ளிகளை இட்டுப் புதிய வடிவங்கள் கண்டனர். ஓதும் பிள்ளை ஒரு புள்ளியைத் தவறவிட்டால் உஸ்தாது விடமாட்டார். கடைப்பலகையில் மட்டும் நாம் ஏன் விட்டுவிடுகிறோம்?

இதில் பலகை செய்வோரை மட்டும் குறை கூறுதல் முறையாகாது. வடிவமைக்கும் மென்பொருள் சிலவற்றில் கொம்பும் காலும் இடம் மாறி விழுகின்றன. எழுத்தை நகலெடுத்து வெட்டும் இளைஞர் தமிழ் மாணவரல்லர். ‘மிட்டாய் கடை’ என்று வந்தாலும் ‘மிட்டாய்க்கடை’ என்று வந்தாலும் அவர்க்கு ஒன்றே. திருத்தித் தர வேண்டியவர் நாம். நாமோ வகுப்பறைக்குள் வல்லினம் மிகும் இடங்களை மதிப்பெண்ணுக்காக நடத்திக்கொண்டிருக்கிறோம். தகடு வெட்டுவதற்கு முன் பெயரின் படியொன்றைத் தமிழ்த்துறைக்கு அனுப்பினால், மூன்றாம் ஆண்டு மாணவர் இருவர் பத்து மணித்துளிகளில் பார்த்துத் திருப்பித் தருவர். கட்டணம் வேண்டா. ஒற்று, கொம்பு, புள்ளி ஆகியன சரியா என்று பார்ப்பதுடன், புள்ளிகளை எழுத்தோடு ஒரே பின்தகட்டில் பொருத்துமாறும், அவற்றுக்குள்ளும் விளக்கு வைக்குமாறும் எழுதிக் கொடுப்பர். ஊரின் வணிகர் சங்கத்தார் இதற்கு இசைந்தால், வரும் கல்வியாண்டிலேயே தொடங்கலாம்.