கடைக் கம்பியூட்டரின் முகத்தில் நான்கு வரிகள்

2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத ஆரம்பம். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலில் இருந்த நாட்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நாட்களில் ஒரு காலை, எங்கள் ஹாட்வெயார் கடையின் கம்பியூட்டர் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளை வரிகள் வந்து நின்றன. மின்சாரம் வந்து போய் வந்து போய் ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். பெரிதாகக் கவலைப்படவும் இல்லை. ஏனென்றால் ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது கணக்குகள் பென்ட்ரைவ் ஒன்றில் பிரதியாகும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். அதைச் செய்து தந்தவர் 2019இல் செய்து தந்தார். அதற்குப் பிறகு அந்தப் பென்ட்ரைவை ஒருவரும் திறந்து பார்த்ததில்லை.

திறந்து பார்த்தோம். கடைசிப் பிரதி ஜனவரி மாதம் 16ஆம் திகதிக்குரியது. அன்றோடு பென்ட்ரைவ் நிரம்பிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் அந்த மென்பொருள் பிரதி எடுக்க முயன்று, முடியாமல், "இடமில்லை" என்று தனக்குரிய கோப்பொன்றில் ஒழுங்காக எழுதிவைத்திருக்கிறது. பதினொரு வாரம் எழுதியிருக்கிறது. ஹாட் டிஸ்க்கின் கதையும் அதேதான். திருத்துபவர் அதைக் கழற்றி வேறொரு கம்பியூட்டரில் பொருத்திப் பார்த்தார். கணக்குக் கோப்பு பழுதாகியிருந்தது. விண்டோஸ் தானாக எழுதிவைக்கும் பதிவேடு மட்டும் வாசிக்கக் கூடியதாக இருந்தது. டிஸ்க்கில் பழுதான இடங்கள் இருப்பதாக ஜனவரி மாதக் கடைசியிலிருந்தே அதில் எச்சரிக்கைகள் பதிவாகியிருந்தன. அந்தப் பொடியன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நானா, இது ரெண்டு மாசமா செல்லிக்கிட்டு வந்திருக்கு. பாக்கத்தான் ஆளில்ல."

பதினொரு வாரக் கணக்கு என்றால் என்னவென்று எங்களைப் போன்ற வியாபாரிகளுக்கு விளக்கத் தேவையில்லை. மேசன் பாஸ்மார் சீமெந்து, கம்பி, ஆணி எல்லாவற்றையும் கடனுக்கு எடுப்பார்கள். வீட்டுக்காரர் காசு கொடுத்ததும் கொண்டுவந்து தருவார்கள். அப்போது சீமெந்து மூடையின் விலை ஒரு மாதத்துக்குள்ளேயே மாறிக்கொண்டிருந்த காலம். எத்தனை மூடை என்பது மட்டும் நினைவிருந்தால் போதாது. எந்தத் திகதியில் எடுத்தது என்பதும் தெரிய வேண்டும். பெரும்பாலான பாஸ்மார் தங்களிடமிருந்த பில்களைக் கொண்டுவந்து தந்தார்கள். வயதான ஒருவர் எல்லாவற்றையும் இறப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருந்தார். அவர் தராவிட்டால் அந்தத் தொகையில் பாதியைத்தான் நாங்கள் கேட்டிருப்போம். இருபது வருடமாக எங்களிடம் வாங்கிவந்த இன்னொருவரோடு ஆறு மூடை விடயத்தில் பேச்சு வளர்ந்தது. அவர் சொன்னது சரியா, நாங்கள் சொன்னது சரியா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. நிரூபிக்க என் கையில் ஒன்றுமில்லை. அவர் இப்பொழுது வேறு கடையில் வாங்குகிறார். வீதியில் கண்டால் ஸலாம் சொல்லிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான் கற்றுக்கொண்ட ஒரு சிறிய விடயத்தைத்தான் இந்த வாரம் எழுத நினைத்தேன். கம்பியூட்டர் தன் நிலைமையைத் தானே எப்போதும் குறித்துக்கொண்டிருக்கிறது. டிஸ்க்கில் எவ்வளவு இடம் மீதமிருக்கிறது, உள்ளே எத்தனை பாகை சூடு, இணையம் இருக்கிறதா, எத்தனை மணித்தியாலமாக ஓடுகிறது என்று எல்லாமே அதற்குத் தெரியும். ஆனால் அவை பத்துக் கதவுகளுக்கு உள்ளே இருக்கின்றன. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் விண்டோஸின் டாஸ்க் மெனேஜர் வரும். அதில் பாதி விபரம் இருக்கிறது. ஆனால் தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய ஒன்றை, சனம் நிறைந்த கடையில் யார் தேடிப் போய்ப் பார்ப்பது? லொறியின் சூடு காட்டும் மீட்டரைப் பின்பக்கப் பெட்டிக்குள் வைத்துவிட்டு யாரும் கடுகண்ணாவ ஏற்றத்தில் ஏறுவதில்லையே.

இந்த விபரங்களை எடுத்துத் திரையின் மீதே எப்போதும் தெரியும்படி எழுதிக்காட்டுவதற்கென்றே சில மென்பொருட்கள் இருக்கின்றன. விண்டோஸுக்கு நான் பாவிப்பது ரெயின்மீட்டர். கிம்மோ பெக்கோலா என்பவர் 2001இல் தொடங்கியது. பிறகு தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்தார்கள். இலவசம். லினக்ஸ் பாவிக்கும் கடைகள் எங்களிடையே குறைவு, இருந்தாலும் அவர்களுக்குக் கொங்கி என்று ஒன்று 2005இலிருந்து இருக்கிறது. இரண்டிலும் வேலை ஒரே மாதிரிதான். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் "இந்த டிஸ்க்கின் மீதி இடத்தைக் காட்டு, இத்தனை செக்கனுக்கு ஒரு தடவை புதுப்பி, இந்த அளவுக்குக் குறைந்தால் சிவப்பாக்கு" என்று எழுதிவைக்கிறோம். அது அப்படியே காட்டுகிறது. நான் ஓ.எல். வரைக்கும் படித்தவன். மகனின் உதவியோடு இரண்டு இரவுகளில் அந்தக் கோப்பின் போக்குப் பிடிபட்டுவிட்டது.

மகனின் உதவி என்றேன். முதலில் அவர் செய்து தந்ததைப் பார்த்து நான் சிரித்தேன். சுற்றுகின்ற வட்டங்கள், நீல வெளிச்சம், லண்டனின் காலநிலை, மூன்று விதமான மணிக்கூடு. கல்யாண வீட்டு மின்குமிழ் மாதிரி. "வாப்பா, இப்படித்தான் எல்லாரும் போடுவாங்க" என்றார். உண்மைதான், உலகம் முழுவதும் இளைஞர்கள் இதை அலங்காரத்துக்குத்தான் பாவிக்கிறார்கள். அதனால்தான் எங்களுடைய வியாபாரிகள் இதைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அது எனக்குச் சரியாகப்படவில்லை. விருப்பப்படி மாற்றியமைக்கலாம் என்பதுதான் இதன் பெறுமதி. ஆபத்தும் அதற்குள்ளேதான் இருக்கிறது. நாங்கள் கேட்டதை மட்டும்தான் அது காட்டும். பார்க்க விரும்பாததை எடுத்துவிட்டால் ஒரு முறைப்பாடும் சொல்லாமல் மறைந்துவிடும்.

எனவே வட்டங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நான்கு வரிகளை வைத்துக்கொண்டோம். முதலாவது, ஸீ டிரைவில் மீதமுள்ள இடம். எங்களுடைய கம்பியூட்டரில் 20 ஜீ.பி.க்குக் குறைந்தால் சிவப்பாகும். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவும் கணக்கு மென்பொருள் மூச்சு விடவும் இடம் வேண்டும்.

இரண்டாவது, சூடு. இதை ரெயின்மீட்டர் நேரடியாக வாசிப்பதில்லை, கோர் டெம்ப் போன்ற இன்னொரு சிறு மென்பொருளிடமிருந்து வாங்கிக் காட்ட வேண்டும். கொஞ்சம் மினக்கேடுதான். ஆனால் ஹாட்வெயார் கடைக்காரர்கள், மில்காரர்கள், பேக்கரிக்காரர்கள் கட்டாயம் செய்ய வேண்டும். சீமெந்துத் தூசியும் மாவும் உள்ளே போய்க் காற்றாடியையும் அதன் கீழுள்ள உலோகத் தகடுகளையும் அடைத்துவிடுகின்றன. சூடு அளவுக்கு மீறினால் கம்பியூட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நாங்கள் "பழசாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்" என்று சொல்வோம். எங்களுடையது வெறுமனே பில் அடிக்கும்போதே 78 பாகை காட்டியது. மின்சாரத்தைக் கழற்றி, கடைக்கு வெளியே கொண்டுபோய், காற்றாடி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு புளோவரால் ஊதினோம். வந்த தூசியில் ஒரு செங்கல் கட்டியிருக்கலாம். மறுநாள் 56 பாகை. புதிய கம்பியூட்டருக்கென்று ஒதுக்கியிருந்த பணத்துக்கு பெயின்ட் எடுத்தேன்.

மூன்றாவது, இணையம் இருக்கிறதா இல்லையா என்பது. கார்ட் இயந்திரத்தில் காசு கழியாமல் வாடிக்கையாளர் நிற்கும்போது, பிழை எங்களுடைய இணைப்பிலா வங்கியிலா என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிகிறது.

நான்காவதுதான் எனக்கு மற்ற மூன்றையும் விட முக்கியமானது: கடைசியாக எடுக்கப்பட்ட பிரதியின் திகதியும் அதன் அளவும். ஒரு கோப்புறையில் உள்ள ஆகப் புதிய கோப்பைக் கண்டுபிடித்து அதன் திகதியைக் காட்டும் வசதி ரெயின்மீட்டரிலேயே இருக்கிறது. திகதி மட்டும் போதாது, அளவும் வேண்டும். வெறும் கோப்பொன்று புதிய திகதியோடு உட்கார்ந்திருந்து எங்களை ஏமாற்றலாம். நேற்றைய திகதி இருந்தால் வெள்ளை எழுத்து. இரண்டு நாள் பழையதானால் சிவப்பு. பென்ட்ரைவே இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். இந்த ஒரு வரி 2022இல் திரையில் இருந்திருந்தால் ஆறு மூடைச் சண்டை நடந்திருக்காது. இதோடு மாதத்துக்கு ஒரு தடவை அந்தப் பிரதியை வீட்டுக் கம்பியூட்டரில் திறந்தும் பார்த்துக்கொள்கிறோம்.

ஹாட் டிஸ்க்கின் ஆரோக்கியத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். அதற்குத் தனியாகக் கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க் தனக்குள் வைத்திருக்கும் கணக்கை வாசித்து, சந்தேகமென்றால் மஞ்சளும் மோசமென்றால் சிவப்பும் காட்டும். அதைக் கீழ் மூலையில் ஓடவிட்டிருக்கிறோம். ஆனால் எல்லா டிஸ்க்கும் முன்னறிவித்தல் கொடுத்துவிட்டுத்தான் போகும் என்று நம்பிவிட வேண்டாம். சில திடீரென்று போய்விடும். அதனால்தான் நான்காவது வரியின் மீது எனக்கு இவ்வளவு பிடிவாதம்.

ரெம் எவ்வளவு பாவனையில் இருக்கிறது என்பதை நான் வேண்டுமென்றே போடவில்லை. மீதமுள்ள ரெம்மை விண்டோஸ் தன் வசதிக்காகத் தானே நிரப்பிக்கொள்கிறது. அது வருத்தமல்ல. இந்த எண்ணைக் காட்டிப் பயமுறுத்தித்தான் "உங்கள் கம்பியூட்டர் ஆபத்தில், உடனே சுத்தம் செய்யுங்கள்" என்று கண்ட கண்ட மென்பொருட்களை விற்கிறார்கள்.

நடைமுறையில் ஒரு கேள்வி வரும். நாள் முழுவதும் பில் மென்பொருள்தானே திரையை மூடிக்கொண்டிருக்கிறது, பின்னால் உள்ளது எப்படித் தெரியும்? எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்படி அமைக்க ரெயின்மீட்டரில் வழி இருக்கிறது. எங்கள் பில் மென்பொருளின் வலது மேல் மூலையில் ஒன்றுமில்லாத இடம் இருந்தது, அங்கே ஒரு சிறு பட்டியாக வைத்தோம். மவுஸை அதன் மீது அழுத்தினாலும் கீழே உள்ள மென்பொருளுக்கே போகும்படி விடலாம். பழைய கம்பியூட்டராக இருந்தால் ஒவ்வொரு செக்கனும் புதுப்பிக்காமல் பத்துச் செக்கனுக்கு ஒரு தடவை என்று வைத்தால் பாரமே தெரியாது.

பாதுகாப்பு விடயத்தில் ஒரு பழைய கதை இருக்கிறது. 2007இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் இதே மாதிரிச் சிறு பெட்டிகளைத் திரையின் ஓரத்தில் மைக்ரோசொப்ட்டே வைத்துத் தந்தது. விண்டோஸ் 7இலும் இருந்தது. கண்ட இடத்தில் எடுத்த பெட்டிகள் மூலம் பிறர் உள்ளே நுழையலாம் என்று 2012இல் அந்த நிறுவனமே எச்சரித்து, அவற்றை முடக்கிவிடச் சொன்னது. விண்டோஸ் 8இல் அவை இல்லை. ரெயின்மீட்டரின் அலங்காரத் தொகுதிகளுக்குள்ளும் ஓடக்கூடிய நிரல்கள் வரலாம். ஆகவே மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அழகாக இருக்கிறதே என்று தெரியாதவர் செய்த தொகுதியைக் கணக்கு இருக்கும் கம்பியூட்டரில் ஏற்ற வேண்டாம். வாடிக்கையாளர் பக்கம் பார்க்கும் திரையில் நெட்வேர்க் இலக்கம், கம்பியூட்டரின் பெயர், அன்றைய விற்பனைத் தொகை ஆகியவற்றைப் போடுவதும் எனக்குச் சரியாகப்படவில்லை. நண்பரொருவர் விற்பனையைப் பெரிய எழுத்தில் போட்டு வைத்திருந்தார். கடனுக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

கணக்கெல்லாம் இணையத்தில் வைத்துவிட்டோம், இனி இது எதற்கு என்று சில இளம் வியாபாரிகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு நான்காவது வரி தேவைப்படாமல் இருக்கலாம். மூன்றாவது இரட்டிப்பாகத் தேவைப்படும்.

எங்கள் கடையில் கூட்டிப் பெருக்கும் பொடியனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதனால் அந்த நான்கு வரிகளையும் தமிழிலேயே எழுதிவைத்திருக்கிறோம். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கடையைப் பூட்டப் போகும்போது அவன்தான் கூப்பிட்டான். "முதலாளி, கீழ் வரியில ஒண்ணுமில்ல." போய்ப் பார்த்தால் பென்ட்ரைவைக் காணோம். மகன் பாட்டுப் பிரதி பண்ணக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாகப் புதிய பென்ட்ரைவ் இரண்டு வாங்கினேன். ஒன்றைக் கம்பியூட்டரிலேயே வைத்து டேப் சுற்றிவிட்டோம். மற்றது என் லாச்சியில்.