மாங்கா... ஊறுகாய்க்கு அல்ல!

தலைப்பைப் பார்த்துவிட்டு, 'இது ஹாஸ்டல் மெஸ் பற்றிய கட்டுரை போலிருக்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். மாங்கா என்பது ஜப்பான்காரர்கள் தங்கள் சித்திரக் கதைக்கு வைத்திருக்கும் பெயர். நம்ம ஊர்ப் பக்கம் ஒரு கடையில் போய், "அண்ணே, தமிழ்ல மாங்கா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "மார்க்கெட் அந்தப் பக்கம் தம்பி" என்றுதான் பதில் வரும். சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கு அதோடு கொஞ்சம் கோபமும் வருகிறது.

2025 செப்டம்பர் 12ந் தேதி 'டெமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' படம் இந்தியாவில் தமிழ்க் குரலோடும் வெளியானது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தவர்கள் நம் வகுப்புகளிலேயே உண்டு. அதற்குச் சில வருடம் முன்பே சோனி யே சேனலில் நருட்டோ தமிழ் பேசிவிட்டான். சின்சானும் டோரேமானும் நமக்கு அரைக்கால் டிரவுசர் காலத்து சிநேகிதர்கள். ஆக, காதுக்குத் தமிழ் வந்துவிட்டது. கண்ணுக்குத்தான் வரவில்லை!

டெமன் ஸ்லேயரின் மூலக்கதை கொயோஹாரு கோடோகே 2016 முதல் 2020 வரை வரைந்தது. மொத்தம் 23 தொகுதி. அதைப் படிக்க ஆசைப்பட்டால் ஆங்கிலப் பதிப்பு வாங்க வேண்டும். தொகுதிக்கு நானூறு, ஐநூறு என்று வைத்து 23ஆல் பெருக்கிப் பாருங்கள், கால்குலேட்டரே பெருமூச்சு விடும். இல்லையென்றால் யாரோ உரிமையில்லாமல் ஸ்கேன் செய்து போட்ட பக்கங்களை போனில் தள்ளித் தள்ளிப் பார்க்கணும். அதுவும் ஆங்கிலம்தான். பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, முதலாண்டுப் பாடப் புத்தகத்தோடு மல்லுக்கட்டுகிறவன் ஓய்வு நேரத்திலும் டிக்ஷனரியைத் தூக்க வேண்டுமா?

ஆங்கிலத்தில் படிக்கும் ரசிகர்களுக்கும் குறை உண்டு. 1989ல் தொடங்கிய 'ஹாஜிமே நோ இப்போ' என்ற குத்துச்சண்டைத் தொடர் முறையாக ஆங்கிலத்துக்கு வர வெகு காலம் ஆகிவிட்டது. 1976 முதல் 2016 வரை ஒரு வாரப் பத்திரிகையில் ஓடி 200 தொகுதி கண்ட 'கொச்சிகாமே' முழுதாக ஆங்கிலத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் புலம்புவது நியாயம்தான். ஆனாலும் அவர்கள் பந்தியில் உட்கார்ந்து இரண்டாவது பாயசம் வரலையே என்கிறார்கள். நமக்கு இன்னும் இலையே போடவில்லை.

'தமிழில் போட்டால் யார் வாங்குவது?' என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஷுயேஷா என்ற ஜப்பானியப் பதிப்பகம் 2019ல் 'மாங்கா பிளஸ்' என்ற செயலியைத் தொடங்கியது. அதில் ஆங்கிலம், ஸ்பானிஷ் மட்டுமல்ல, தாய், இந்தோனேசியன், வியட்நாமிய மொழிகளும் சேர்ந்தன. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் சுமார் 6.9 கோடி. தாய்லாந்து நாட்டின் மொத்த ஜனத்தொகையே கிட்டத்தட்ட அவ்வளவுதான்! ஆள் இல்லை என்ற பேச்சு எடுபடாது.

காசு கொடுத்து வாங்குவார்களா என்பது அடுத்த கேள்வி. வாங்கினார்களே! 1972ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. அது 'ஸ்டீல் கிளா' என்ற பிரிட்டிஷ் கதை. நம்ம அப்பாமார்களைக் கேட்டால் மாயாவி தமிழன் இல்லை என்பதையே நம்ப மாட்டார்கள். 1984 ஜூலையில் ஒரே மாதத்தில் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. 'பதின்மூன்று' என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட பிரெஞ்சு மொழித் தொடரை லயன் 'இரத்தப் படலம்' ஆக்கி, 2010ல் 18 பாகங்களையும் ஒரே புத்தகமாகப் போட்டது. பிரெஞ்சில் புளூபெர்ரி என்று குதிரையேறியவர் இங்கே கேப்டன் டைகர். ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? பிரெஞ்சுக்காரன் ஆண்டது நம்ம ஊரை. பிரெஞ்சுக் கதை தமிழாகி வந்தது சிவகாசியிலிருந்து! கொம்யூன் என்ற சொல்லை மட்டும் நாம் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மாங்காவுக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழ்தான் பொருத்தம். பெருமைக்காகச் சொல்லவில்லை, காரணத்தோடுதான் சொல்கிறேன். ஜப்பானியத்தில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். சீனியரை 'சென்பாய்' என்பார்கள், மரியாதைக்குப் பெயரோடு 'சான்' சேர்ப்பார்கள், அண்ணனைப் பெயர் சொல்லாமல் 'ஒனீ சான்' என்பார்கள். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'யூ'தான். நம்மிடம் வா, வாங்க, நீ, நீங்க, அண்ணே, அக்கா எல்லாம் இருக்கிறது. ஒருத்தன் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு இறங்கினால் அங்கே சண்டையா, சிநேகமா என்று நமக்கு உடனே புரிந்துவிடும்.

அடுத்தது ஓசை. மாங்காவில் படத்துக்குள்ளேயே சத்தத்தை எழுத்தாக வரைந்துவிடுவார்கள். சத்தமே இல்லாத விஷயத்துக்கும் அங்கே சொல் உண்டு. நெஞ்சு அடித்துக்கொண்டால் 'தொகி தொகி', மின்னினால் 'கிரா கிரா'. ஆங்கிலத்தில் இதற்குச் சொல் கிடைக்காமல் மொழிபெயர்ப்பாளர் விழிக்கிறார். நம்ம தமிழய்யா சொல்லிக்கொடுத்த இரட்டைக்கிளவி எதற்கு இருக்கிறது? படபட, மினுமினு, சலசல, கிடுகிடு என்று எடுத்து வைத்துவிடலாம். ஜப்பானியத்திலிருந்து ஆங்கிலம் போய் அங்கிருந்து தமிழுக்கு வந்தால் இதெல்லாம் பாதி வழியில் கொட்டிப்போகும். நேராக வர வேண்டும்.

சிக்கலும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஜப்பானியர் மேலிருந்து கீழாக எழுதுவதால் பேச்சுக் குமிழ்கள் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதற்குள் 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்று எழுதினால் மூன்று வரியாக உடையும். 'போறேன்' என்றால் அடங்கும். பேச்சுத் தமிழில் எழுதத் துணிந்தால் பிரச்சனை தீர்ந்தது. இன்னொன்று, வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ஆரம்பகால ஆங்கிலப் பதிப்புகளில் பக்கங்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிப் போட்டார்கள். சாமுராய் எல்லாம் இடதுகைக்காரர் ஆகிவிட்டார்கள்! நமக்கு அந்த வேலை வேண்டாம். இரண்டு பக்கம் படித்தால் தானாகப் பழகிவிடும்.

எந்தக் கதை முதலில்? என் ஓட்டு 'டாக்டர் ஸ்டோன்'. 2017 முதல் 2022 வரை வந்தது. உலகமே கல்லாகிப் பல ஆயிரம் வருடம் கழித்து ஒரு பையன் கண் விழித்து, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து சோப்பு, கண்ணாடி, இரும்பு, மின்சாரம், மருந்து, போன் வரை செய்கிறான். நாம் ரெக்கார்ட் நோட்டில் காப்பியடிப்பதை எல்லாம் அவன் கையால் செய்கிறான்! பாலிடெக்னிக் மாணவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பாகூர் பக்கத்து நண்பர்களுக்கு 'சில்வர் ஸ்பூன்'. படிப்புச் சுமை தாங்காமல் விவசாயப் பள்ளியில் சேரும் நகரத்துப் பையன், தான் பெயர் வைத்து வளர்த்த பன்றி இறைச்சிக்குப் போவதைப் பார்க்கிறான். எழுதியவர் ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். மாடு, வயல், கடன், 'படிச்சிட்டு ஊருக்குத் திரும்பணுமா' என்ற கேள்வி... ஏரிக்கரையில் உட்கார்ந்து நாம் பேசுவதுதான்.

மூன்றாவது 'ஹதாஷி நோ கென்', வெறுங்கால் கென். 1945 ஆகஸ்ட் 6ல் ஹிரோஷிமாவில் இருந்த ஆறு வயதுப் பையன் கெய்ஜி நகசாவா, வளர்ந்தபின் 1973ல் வரையத் தொடங்கிய கதை. இது எப்படி ஆங்கிலத்துக்குப் போனது தெரியுமா? எந்தப் பெரிய கம்பெனியும் கொண்டுபோகவில்லை. 1976ல் டோக்கியோவில் சில தன்னார்வலர்கள் கூடி, தாங்களே மொழிபெயர்த்தார்கள். ஆங்கிலத்துக்குப் போன முதல் மாங்காக்களில் அதுவும் ஒன்று.

எதிர்த்திசையிலும் ஒருத்தர் வந்தார். யுகிச்சி யமமாட்சு என்ற மாங்கா ஓவியர் 2004ல், ஐம்பது வயதைத் தாண்டியபிறகு, இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் டெல்லிக்கு வந்து, ஒரு சாமுராய் மாங்காவை இந்தியில் அச்சடித்துத் தெருவில் நின்று விற்றார். வியாபாரம் படுதோல்வி! அந்த அனுபவத்தையே அவர் மாங்காவாக வரைய, அதை வெளியிட்டது சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம். ஆனால் ஆங்கிலத்தில்.

மொழி தெரியாத மனுஷன் தெருவில் நின்று கேட்டார். மொழி தெரிந்த நாம் இன்னும் கேட்கவே இல்லை. பதிப்பகத்தார் உரிமை வாங்க முன்பணம் கட்ட வேண்டும். எத்தனை பிரதி போகும் என்று தெரியாமல் யார் கட்டுவார்கள்? ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு கோரிக்கை. நோட்டீஸ் போர்டு பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். பெயர், துறை, எந்தக் கதை, ஒரு புத்தகத்துக்கு எவ்வளவு தர முடியும் என்று நாலு கட்டம் போதும். நோட்டு நிறைந்ததும் சிவகாசிக்கு அனுப்பலாம், மற்ற கல்லூரிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். முதல் வரியை நானே எழுதுகிறேன்: மெக்கானிக்கல், டாக்டர் ஸ்டோன், 150 ரூபாய்.