அவைக்குள் வாங்கினால் குற்றமில்லையா?
1993 ஜூலை 28. நரசிம்ம ராவ் அரசு மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 251-க்கு 265 என்று தோற்றது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா எம்.பி.க்கள் பணம் வாங்கிக்கொண்டு அரசைக் காப்பாற்றினார்கள் என்று வழக்கு வந்தது. 1998-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? அவையில் போடும் வாக்குக்கு அரசியல் சட்டத்தின் 105-வது பிரிவு பாதுகாப்பு தருகிறதாம். ஆகவே காசு வாங்கி, பேசியபடி வாக்கும் போட்டவர்மீது வழக்கு செல்லாது. வாங்கிவிட்டு வாக்களிக்காதவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை! ஐந்து நீதிபதிகளில் மூவரின் முடிவு அது. இன்று படித்தாலும் வயிறு எரிகிறது. பட்டா மாற்ற லஞ்சம் கேட்கும் கிராம நிர்வாக அலுவலரை, ரசாயனம் தடவிய நோட்டைக் கொடுத்தனுப்பி, கையைக் கரைசலில் முக்கி, அது இளஞ்சிவப்பானதும் பிடித்துக்கொண்டு போகிறார்கள். சரிதான், பிடிக்கட்டும். ஆனால் ஓர் அரசின் ஆயுளையே விலைபேசிய எம்.பி.க்கு 26 ஆண்டுகள் கவசம் இருந்ததே! 2024 மார்ச் 4 அன்று ஏழு நீதிபதிகள் ஒருமனதாக அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார்கள். மகிழ்ச்சி. அதைவிடப் பெரிய கோபம் ஒன்று எனக்கு உண்டு. ஒரு சட்டத்திருத்தத்தால் இந்த ஓட்டையை நாடாளுமன்றமே அடைத்திருக்கலாம். இடையில் மாறி மாறி ஆண்ட எந்தக் கட்சியும் அதைச் செய்யவில்லை.