உடையிலும் ஹலால் பார்ப்போம்

இறைச்சிக் கடைக்குச் செல்லும் முஸ்லிம், அறுத்தவர் யார், இறைவன் பெயர் கூறி அறுத்தாரா என்று உறுதி செய்துகொள்ளாமல் மடியிலிருந்து காசை எடுப்பதில்லை. அதே முஸ்லிம் பெருநாளுக்குச் சட்டை எடுக்கப் போனால் கேட்கின்ற கேள்வி ஒன்றே: "இன்னும் எவ்வளவு குறைப்பீர்கள்?" வாயில் போவதற்கு ஒரு மார்க்கம், மேனியிற் படுவதற்கு வேறொரு மார்க்கம் என்று நமக்கு வகுத்துத் தந்தவர் யார்? உடை கணுக்காலுக்குக் கீழே இறங்கலாமா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறோம். அதைத் தைத்த கைக்குக் கூலி போய்ச் சேர்ந்ததா என்று மட்டும் கேட்பதில்லை.

நான் குடியிருக்கும் அடி அண்ணாமலை, திருவண்ணாமலை மலையைச் சுற்றிவரும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் இருக்கிறது. பௌர்ணமி இரவுகளில் அப்பாதையோரம் தார்ப்பாய் விரித்துப் பனியன்களைக் குவித்து விற்பார்கள். ஏற்றுமதிக்கென்று திருப்பூரில் தைக்கப்பட்டு, சிறு பழுதினாற் கழிக்கப்பட்டவை என்பார் விற்பவர். கழுத்துப் பட்டியில் அயல்நாட்டுக் கம்பெனியின் பெயர் பாதி கத்தரிக்கப்பட்டிருக்கும். சென்ற நோன்புப் பெருநாளுக்கு என் வீட்டுப் பிள்ளைகளுக்கு நானும் அங்கேதான் வாங்கினேன்; பேரம் பேசியே வாங்கினேன். ஆகவே இக்கட்டுரையின் முதற் குற்றவாளி இதை எழுதுபவனே.

என்னிடம் அலிஃப், பே தொடங்கிக் குர்ஆன் முடித்த பெண்ணொருத்தி பல ஆண்டுகளுக்கு முன் மேற்கு மாவட்டத்து நூற்பாலை ஒன்றுக்கு அனுப்பப்பட்டாள். தரகர் சொன்ன பேச்சு இது: மூன்றாண்டு விடுதியிலேயே தங்கி வேலை, மாதந்தோறும் சொற்பப் பணம், முடிவில் திருமணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை. மூன்றாம் ஆண்டில் பஞ்சுத் தூசியால் மூச்சு முட்டி, நோயாளியாக வீடு திரும்பினாள். தவணை முடியவில்லை, ஆதலால் தொகையும் இல்லை என்று கைவிரித்தார்கள். அவள் தந்தை என் முன் வந்து நின்று, "ஹஜ்ரத், இது நியாயந்தானா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என்னை விட்டு நீங்கவில்லை.

இது ஒரு குடும்பத்தின் கதையன்று. 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரால் வழங்கிய இம்முறையை 2011ஆம் ஆண்டு நெதர்லாந்து நாட்டு அமைப்புகள் இரண்டு ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டன. குறைந்த கூலி, மிகுந்த நேர வேலை, விடுதியை விட்டு வெளிச்செல்ல இயலாத அடைப்பு ஆகியவற்றையும், அந்நூலும் துணியும் மேலைநாட்டுப் பெருங் கம்பெனிகளுக்குச் செல்வதையும் உலகம் அறிந்தது.

இதை எடுத்துரைத்தபோது வணிகப் பெரியவர் ஒருவர் என்னை மறுத்தார். "இரு தரப்பும் சம்மதித்த பேச்சு. மார்க்கம் அதைத் தடுக்கவில்லையே. நாம் விலையைக் கிளறினால் ஆலை மூடும். அந்தப் பெண்களுக்குச் சோறு யார் போடுவார்?" என்றார். நம்மிற் பலர் மனத்தில் இருப்பதும் இதுவே. ஆகவே இரண்டுக்கும் விடை சொல்லியாக வேண்டும்.

முதலாவது, சம்மதம். கூலி ஒப்பந்தத்தை நம் ஃபிக்ஹு நூல்கள் இஜாரா என்னும் பாடத்தில் விரித்துரைக்கின்றன. கூலி இன்னதென்று தெளிவாயிருத்தல் வேண்டும். ஒப்பந்தம் இடையில் முறிந்தாலும் கழிந்த காலத்துக்குரிய கூலி கடனே. இரண்டரை ஆண்டு உழைப்பை வாங்கிக்கொண்டு, ஆறு மாதக் குறைவைக் காட்டி அனைத்தையும் விழுங்குவது எந்தப் பாடத்தில் உண்டு? மறுமையில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடுவதாக இறைவன் அறிவித்திருப்பதைப் புகாரி நூல் பதிந்திருக்கிறது. அம்மூவரில் ஒருவன், ஆளிடம் வேலையை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடாதவன். குகையில் அடைபட்ட மூவரின் வரலாறும் நாமறிந்ததே. அவர்களில் ஒருவர், கூலியை வாங்காமற் சென்ற ஆளின் பங்கைப் பெருக்கி வைத்து, அவன் திரும்பி வந்தபோது மந்தை மந்தையாகக் கொடுத்தார், பாறை விலகியது. பிடித்து வைத்த கூலியைப் பெருக்கிக் கொடுத்தவர் அவர். பிடித்ததை இல்லையென்று சொன்னவர் இவர்!

இரண்டாவது, சோறு. வங்காளதேசத்தில் டாக்காவை அடுத்த சாவரில் ரானா பிளாசா என்ற கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து வீழ்ந்தது. முதல்நாளே சுவரில் விரிசல் கண்டது. அக்கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியரை அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளரோ மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டார்கள். மாண்டவர் 1,134 பேர். நம்மோடு ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள் அவர்களில் எத்தனை பேர்! குறித்த நாளில், குறைந்த விலையில் சரக்கு வேண்டும் என்ற நெருக்கடி அன்றோ அவர்களை உள்ளே தள்ளியது? அந்த நெருக்கடியின் மறுமுனையில் நிற்பது மலிவு தேடும் நம் கை. அடுத்த மாதமே தொழிற்சங்கங்களும் அயல்நாட்டுக் கம்பெனிகளும் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டன. அதனால் அந்நாட்டின் ஆடைத் தொழில் அழிந்ததா? ஏற்றுமதி பின்னும் வளர்ந்தது. கேள்வி கேட்டால் சோறு போய்விடும் என்ற வாதம் அங்கேயே வீழ்ந்தது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் உழைத்த தலித் இளம்பெண் கொலையுண்டாள். ஆலையின் மேற்பார்வையாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் ஓயவில்லை. உலக அமைப்புகள் கைகொடுக்க, 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் பிறந்தது. ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனமும், எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய அயல்நாட்டுக் கம்பெனிகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிற்கூடத்திலேயே தொழிலாளப் பெண்கள் கண்காணிப்பாளராயினர்.

"அது சங்கத்தார் வேலை, நமக்கென்ன?" என்பீர்களாயின், ஹில்ஃபுல் ஃபுளூலை நினையுங்கள். ஸுபைத் குலத்து யமன் வணிகர் ஒருவரின் சரக்கை வாங்கிக்கொண்ட மக்கத்துப் பிரமுகர் விலை கொடுக்க மறுத்தார். அவ்வணிகர் அபூகுபைஸ் மலைமீதேறி முறையிட்டார். அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆன் வீட்டில் பெரியோர் கூடி, ஊராராயினும் அயலாராயினும் அநீதிக்குள்ளானவர் பக்கமே நிற்போம் என்று சத்தியம் செய்து, பொருளை மீட்டுக் கொடுத்தனர். அக்கூட்டத்தில் இளைஞராக இருந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நபித்துவம் பெற்ற பின்னரும், அத்தகைய ஒப்பந்தத்துக்கு அழைக்கப்பட்டால் இணங்குவேன் என்றார்கள். கூடியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். முறையிட்டவர் உள்ளூரார் அல்லர். நீதிக்கு அவை தேவைப்படவில்லை.

மலிவுச் சட்டை ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. வாங்காதீர் என்றும் கூறவில்லை. கேட்டு வாங்குங்கள் என்கிறேன். ஒருவர் கேட்டாற் கடைக்காரர் நகைப்பார். ஒரு ஜமாஅத்தே கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார். ஆடை வணிகம் செய்யும் நம்மவர் பலர். தம் சரக்கைத் தைப்பவருக்குக் கூலி ஒழுங்காகப் போகிறதா என்பதை அவர்கள் முதலில் அறியட்டும். 'முடிவில் மொத்தத் தொகை' என்று எத்தரகர் வந்தாலும், மாதக் கூலியை எழுத்தில் பெறாமல் எந்த மஹல்லாவும் தன் பெண்ணை அனுப்பலாகாது. மிம்பரில் ஏறும் ஆலிம்கள் ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவையேனும் கூலிக்கு ஒதுக்கட்டும்.

அந்தத் தந்தைக்கு அன்று நான், "நியாயம் இல்லை" என்று மட்டுமே சொன்னேன். அவரோடு எழுந்து ஆலை வாசல்வரை செல்லவில்லை. சென்றிருக்க வேண்டும். அடுத்த தந்தை உங்கள் வாசலுக்கு வருவார். அவருக்கு ஃபத்வா போதாது. உடன் நடக்க நாலு பேர் வேண்டும்.