கைக்குள் நடந்த வழக்கு

வீடியோ விளையாட்டுச் சாதனத்தோடு இணைந்து, இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கியிருக்கும் கருவிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். நம் பிள்ளைகளில் பலர் அதனை ஜாய்ஸ்டிக் என்றே அழைக்கின்றனர். வளைகுடாவிலிருந்து விடுப்பில் வரும் வாப்பாவின் பெட்டிக்குள், சாக்லேட்டுக்கும் தைலப் புட்டிக்கும் நடுவே இடம்பிடித்து வந்த அந்தக் கருவியை உம்மாமார்கள் ஐயத்தோடுதான் பார்த்திருப்பார்கள். படிப்பு கெடுமே என்ற அவர்களுடைய கவலை நியாயமானதுதான். ஆனால் அது வேறு கதை. அந்தச் சிறு கருவியின் ஒவ்வொரு பொத்தானுக்குப் பின்னாலும் ஒரு வழக்கறிஞர் நின்றுகொண்டிருக்கிறார் என்பதைத்தான் இம்மாதம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பேட்டண்ட் என்னும் சொல்லை நாம் அடிக்கடி கேள்விப்படுகிறோம். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் அதன் செய்முறையை ஒளிக்காமல் எழுதி அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக, விண்ணப்பித்த நாளிலிருந்து பொதுவாக 20 ஆண்டுகள் வரை, அவருடைய அனுமதியின்றி வேறெவரும் அதனைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று அரசு தடை விதிக்கும். காலம் முடிந்ததும் அது எல்லோருக்கும் பொதுச்சொத்து. மூலிகை மருந்தின் பக்குவத்தைத் தந்தை மகனுக்கு மட்டும் காதோடு சொல்லி, மகனில்லாத வீட்டில் அந்த மருந்தே மறைந்துபோன கதைகள் நம் ஊர்களில் எத்தனையோ உண்டு. அந்த இழப்பைத் தவிர்ப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று பார்த்தால் பேட்டண்ட் மிக நல்ல ஏற்பாடே.

அது நல்ல முறையில் நடந்ததற்கு ஜப்பானிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கியோட்டோ நகரின் நின்டெண்டோ நிறுவனம் சீட்டுக்கட்டுகள் தயாரித்துக்கொண்டிருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டு, அங்கே இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தவர் குன்பெய் யோகோய். அவர்தாம் 1982இல் வெளியான ஒரு கையடக்க விளையாட்டுக்காக, கட்டைவிரல் ஒன்றினாலேயே நான்கு திசைகளுக்கும் அழுத்தக்கூடிய சிலுவை வடிவப் பொத்தானை வடிவமைத்தார். நின்டெண்டோ அதற்குப் பேட்டண்ட் பெற்றது. போட்டி நிறுவனங்கள் அதே உருவத்தைக் கையாள இயலாமல் வேறு வழி தேடின. செகா வட்டத் தட்டு ஒன்றை வைத்தது. சோனியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைப் பார்த்தவர்கள், அதில் நான்கு தனித்தனிப் பொத்தான்கள் இருப்பதாகவே எண்ணுவர். உள்ளே அவை ஒன்றாகவே இணைந்துள்ளன, மேலுறைதான் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது. அமெரிக்காவில் நின்டெண்டோவின் உரிமை 2005இல் முடிந்தது. யாரும் பெரிதாக நட்டப்படவில்லை. வேறு வேறு உருவங்களும் கிடைத்தன.

அதிர்வு விஷயத்தில் அவ்வளவு எளிதாக முடியவில்லை.

விளையாட்டில் கார் சுவரில் மோதும்போது கையிலுள்ள கன்ட்ரோலர் நடுங்கும். துணி துவைக்கும் இயந்திரத்தில் ஈரப் போர்வை ஒரு பக்கமாக ஒதுங்கிவிட்டால் இயந்திரமே கூத்தாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே சூத்திரம்தான் இங்கும். சிறு மோட்டாரின் அச்சில் எடை ஒன்றை மையம் விலகிப் பொருத்திச் சுழலவிட்டால் கருவி முழுவதும் அதிரும். பெரிய எடைகொண்ட மோட்டாரைக் கைப்பிடியின் ஒரு பக்கத்திலும் சிறியதை மறுபக்கத்திலும் வைத்து, வெவ்வேறு விதமான அதிர்வுகளை உண்டாக்கினர். நின்டெண்டோ 1997இல் அதிர்வுப் பெட்டி ஒன்றைத் தனியாகச் செருகும் வகையில் விற்றது. அதே ஆண்டு நவம்பரில் சோனி, இரு மோட்டார்களைக் கன்ட்ரோலருக்குள்ளேயே அமைத்து டூயல்ஷாக் என்ற பெயரில் ஜப்பானில் வெளியிட்டது.

இதற்கு முன்பே, தொடுவுணர்ச்சியைக் கணினியோடு இணைப்பதையே தொழிலாகக் கொண்டு கலிபோர்னியாவில் ஒரு நிறுவனம் இயங்கிக்கொண்டிருந்தது. அதன் பெயர் இம்மர்ஷன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த லூயிஸ் ரோசன்பெர்க் 1993இல் அதனை நிறுவினார். அறுவைச் சிகிச்சை பழகும் மருத்துவர்களுக்கு உடலுக்குள் கருவி செல்லும் உணர்வைக் கையிலேயே தரும் பயிற்சி இயந்திரங்களையும் பிற்காலத்தில் அந்நிறுவனம் விற்றது. ஆக, அது வெறும் காகிதக் கம்பெனியன்று. எனினும் அதன் வருவாயில் பெரும் பங்கு, தான் பெற்று அடுக்கி வைத்திருந்த பேட்டண்டுகளைப் பிறருக்கு உரிமம் கொடுப்பதிலிருந்தே வர வேண்டியிருந்தது.

2002 பிப்ரவரியில் இம்மர்ஷன், சோனி மீதும் மைக்ரோசாஃப்ட் மீதும் வழக்குத் தொடுத்தது. தங்கள் அதிர்வுத் தொழில்நுட்பத்தை இவ்விருவரும் அனுமதியின்றிப் பயன்படுத்துகின்றனர் என்பது குற்றச்சாட்டு. மைக்ரோசாஃப்ட் நீண்ட நாள் நிற்கவில்லை. 2003இல் 2 கோடியே 60 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அதில் 2 கோடி உரிமக் கட்டணம். மீதி, இம்மர்ஷனிலேயே பங்கு வாங்குவதற்கான முதலீடு. அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. பின்னால் இம்மர்ஷன் சோனியோடும் சமரசம் செய்துகொண்டால், கிடைக்கும் தொகையில் ஒரு பகுதியை மைக்ரோசாஃப்டுக்குத் தர வேண்டும்! எதிர்க்கட்சியில் ஒருவனை விலக்கிவிட்டு, மற்றவனிடம் பெறப்போவதில் விலகியவனுக்கும் பங்கு வைப்பது நமக்கு விந்தையாகத் தோன்றலாம். பெரிய வணிகர்களுக்கு அப்படித் தோன்றவில்லை.

சோனி வழக்கை நடத்தியது. 2004 செப்டம்பரில் ஓக்லண்டு நகரக் கூட்டாட்சி நீதிமன்றத்தில், சோனி உரிமையை மீறியது உண்மை எனக் கூறிய ஜூரிகள் 8 கோடியே 20 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தனர். 2005 மார்ச்சில் நீதிபதி கிளாடியா வில்கன் வட்டியும் சேர்த்து அதனை 9 கோடியே 7 லட்சமாக்கினார். அத்துடன் நின்றிருந்தால் அது பணப்பிரச்சினை மட்டுமே. பிளேஸ்டேஷன் சாதனங்களையும், டூயல்ஷாக் கன்ட்ரோலர்களையும், 47 விளையாட்டுகளையும் அமெரிக்காவில் விற்கக் கூடாது என்றும் தடை விதித்தார். மேல்முறையீடு முடியும்வரை அத்தடை நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவரை சோனி உரிமக் கட்டணம் செலுத்திவர வேண்டும் என்று ஏற்பாடாயிற்று. வேறொரு கண்டுபிடிப்பாளரின் சாட்சியத்தை இம்மர்ஷன் மறைத்துவிட்டது என்று சோனி புதிதாக ஒரு வாதத்தைக் கொண்டுவந்தது. 2006 மார்ச்சில் நீதிபதி அதனையும் தள்ளினார்.

இவ்வாறு தலைக்கு மேல் கத்தி தொங்கிய வேளையில்தான் சோனி தன் அடுத்த சாதனமாகிய பிளேஸ்டேஷன் 3ஐ அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது. 2006 மே மாதம் அதன் கன்ட்ரோலரைக் காட்டினார்கள். கையைச் சாய்த்தால் அந்த அசைவை உணரும் புதிய வசதி அதில் இருந்தது. அதிர்வு மட்டும் இல்லை.

ஏன் என்று கேட்டவர்களுக்குச் சோனி ஒரு தொழில்நுட்பக் காரணம் கூறியது. அசைவை அளக்கும் நுண்கருவியின் கணக்கை மோட்டாரின் நடுக்கம் குழப்பிவிடுமாம். எனவே இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியுமாம். அது தீர்க்கக்கூடிய சிக்கலே, நாங்கள் தீர்த்துத் தருகிறோம் என்று இம்மர்ஷன் வெளிப்படையாகவே முன்வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நின்டெண்டோ வெளியிட்ட வீ சாதனத்தின் கன்ட்ரோலரில் அசைவுணர்வும் இருந்தது, அதிர்வும் இருந்தது. பொறியியல் அறிவு இல்லாதவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. அதிர்வு என்பது பழைய தலைமுறை வசதி, இனி அது வேண்டியதில்லை என்றுகூடச் சோனியின் பொறுப்பாளர் ஒருவர் பேசினார். எட்டாத திராட்சை புளித்த கதை சிறுபிள்ளைகளுக்கும் தெரியும்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க நீதிமன்றத்தின் தடை அமெரிக்க எல்லைக்குள்தான் செல்லும். ஜப்பானியச் சிறுவனையோ ஐரோப்பியச் சிறுமியையோ அது கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு தொழிற்சாலை நாட்டுக்கொரு கன்ட்ரோலர் செய்வதில்லை; உலகம் முழுவதற்கும் ஒன்றைத்தான் வார்க்கிறது. ஆகவே ஓக்லண்டில் நடந்த வழக்கின் நிழல், டோக்கியோவிலும் லண்டனிலும் பணம் கொடுத்து வாங்கியவர்களின் கைகளிலும் விழுந்தது. அவர்கள் எவரும் வாதியுமல்லர், பிரதிவாதியுமல்லர்.

2007 மார்ச்சில் சோனி மேல்முறையீட்டைக் கைவிட்டது. தீர்ப்புத் தொகை வட்டியோடு 9 கோடியே 72 லட்சம், இடைக்காலத்தில் செலுத்திய கட்டணம் 3 கோடியே 6 லட்சம், இனிச் செலுத்த வேண்டிய உரிமப் பணம் 2 கோடியே 25 லட்சம் என, ஏறத்தாழ 15 கோடி டாலர் இம்மர்ஷனுக்குச் சேர்ந்தது. செப்டம்பரிலேயே சோனி டூயல்ஷாக் 3 என்ற புதிய கன்ட்ரோலரை அறிவித்தது. நவம்பரில் ஜப்பானிலும், 2008 ஏப்ரலில் அமெரிக்காவிலும் அது கடைக்கு வந்தது. அதில் அசைவுணர்வும் அதிர்வும் ஒன்றாகவே இருந்தன. ஒன்றையொன்று குழப்பிக்கொள்ளும் என்று முந்தைய ஆண்டு சொன்னதை நினைவூட்டுவார் யாருமில்லை போலும். முதல் ஆண்டிலேயே ஆவலோடு சாதனத்தை வாங்கியவர்கள் அதிர்வு வேண்டுமெனில் இன்னொரு கன்ட்ரோலரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று.

மைக்ரோசாஃப்டின் பங்கு என்னவாயிற்று? தர வேண்டியது எதுவுமில்லை என்று இம்மர்ஷன் நின்றது. 2007இல் மைக்ரோசாஃப்ட் வழக்குத் தொடுத்தது. 2008இல் இம்மர்ஷன் 2 கோடியே 7 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து அதனை முடித்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மைக்ரோசாஃப்ட் கொடுத்ததில் நிகரமாக இம்மர்ஷன் வசம் நின்றது 52 லட்சத்து 50 ஆயிரம். நீதிமன்றத்தில் இறுதிவரை போராடியவர் 15 கோடி கொடுக்க, முதலில் விலகியவர் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார்.

நான் இம்மர்ஷனைக் குறை கூற மாட்டேன். உழைத்துக் கண்டுபிடித்ததைப் பதிந்து வைத்து, எடுத்தாண்டவரிடம் கூலி கேட்பது பிழையன்று. கேட்கத் துணிவும் பணமும் இல்லாத சிறியவர்களின் கண்டுபிடிப்புகள் எத்தனை பெரியவர்களின் பெட்டிக்குள் சத்தமின்றிப் போயினவோ! ஆனால் சோனி, தன்னிடம் தவறில்லை என்று உண்மையாகவே நம்பியிருந்தால் அதிர்வோடு விற்றிருக்க வேண்டும். தவறு உண்டென்று அறிந்திருந்தால் ஓராண்டு முன்னதாகவே கூலியைக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் செய்யாமல், வாங்குபவரிடம் வேறு காரணம் கூறியதுதான் மனத்தில் தைக்கிறது.

பேட்டண்ட் கேட்டு வந்தவர்கள் எல்லோருமே வென்றார்கள் என்றும் நினைக்க வேண்டாம். டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த அனாஸ்கேப் என்ற நிறுவனம் நின்டெண்டோ மீது வழக்குத் தொடுத்து, 2008 மே மாதம் ஜூரிகளிடம் 2 கோடியே 10 லட்சம் டாலர் தீர்ப்புப் பெற்றது. மேல்முறையீட்டில் வழக்கு ஒரு தேதியில் வந்து நின்றது. கண்டுபிடிப்பாளரின் முதல் விண்ணப்பம் 1996ஆம் ஆண்டினது. வழக்குக்கு ஆதாரமான பேட்டண்டோ 2000இல் எழுதப்பட்டது. பின்னதில் உரிமை கோரிய அளவு முன்னதில் எழுதப்பட்டிருந்ததைவிட விரிந்திருந்தது. எனவே 1996இன் முன்னுரிமை அதற்குக் கிடையாது, இடைப்பட்ட ஆண்டுகளில் பிறர் வெளியிட்டவற்றுக்கு முன்னால் அது நிற்காது என்று 2010 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை ரத்துச் செய்தது. பத்திரத்தில் எல்லை எழுதும்போது காட்டும் கவனம் இங்கும் வேண்டியிருக்கிறது. பிற்பாடு வேலியை நகர்த்தி நடுவதற்கு இடமில்லை.

கடைசியாக ஒன்று. கன்ட்ரோலரின் முதுகுப் பக்கம், மற்ற விரல்கள் சும்மா இருக்கும் இடத்தில் பொத்தான் வைக்கும் உரிமை அயர்ன்பர்க் என்ற நிறுவனத்திடம் இருந்தது. வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் கன்ட்ரோலரைக் காட்சிக்கு வைத்தபோதே, 2014இல், அயர்ன்பர்க் தரப்பு எச்சரித்தது. வால்வ் 2015இல் விற்பனையைத் தொடங்கியது. வழக்கும் அவ்வாண்டே வந்தது. அது நடந்துகொண்டிருக்கையில், 2019 நவம்பரில், கையிருப்பை 5 டாலர் விலைக்குத் தள்ளிவிட்டு வால்வ் அந்தக் கன்ட்ரோலரையே நிறுத்திவிட்டது. உரிமையை வேண்டுமென்றே மீறியதாகக் கூறி 40 லட்சம் டாலர் கட்டச் சொன்ன ஜூரிகளின் முடிவு 2021 பிப்ரவரியில்தான் வந்தது. உரிமை மீறல் என்ற அம்முடிவை மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தபோது 2023ஆம் ஆண்டு ஆகியிருந்தது.