வானிற் சாது, தரையில் முரடு

ஆகாயத்திற் பறப்பது விமானத்தின் தொழில். அத்தொழிலைக் குறைவறச் செய்யும் விமானம் ஒன்று தரையில் நூறு யார் தூரம் நேராக ஓட மறுக்கின்றது என்றால் அது வேடிக்கையன்றோ? ஆயினும் பழைய காலத்து விமானங்கள் பலவற்றின் இயல்பு அதுவே. வானிலே சாதுவான பசுவைப்போலச் சொற்கேட்டு நடக்கும் அவை, சில்லு நிலத்திற் பட்டதும் கயிறறுத்த காளையாகிவிடுகின்றன. இத்தகைய பழைய விமானங்களைப் பேணியும் திருத்தியும் தரையில் அடக்கமாக ஓடச் செய்ய முயல்வோர் இன்றும் உலகிற் பலர் உளர். அவர்களுடைய முயற்சியில் நாம் எல்லோரும் அறியத்தக்க பாடம் ஒன்று இருக்கின்றது. இவ்வாரம் அதனை எமது வாசகர்களுக்கு, சிறப்பாக மாணவர்களுக்கு, எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இன்றைய பயணிகள் விமானத்தின் மூக்கின் கீழ்ச் சில்லுகள் இருப்பதை யாவரும் கண்டிருப்பர். முற்காலத்து விமானங்களிலோ பெரிய சில்லுகள் இரண்டும் முன்னே இருக்க, மூன்றாவது சிறு சில்லு வாலின் கீழ் இருந்தது. ஆகவே நிலத்தில் நிற்கும்போது மூக்கு உயர்ந்தும் வால் தாழ்ந்தும் காணப்படும். 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் எயர் சிலோன் நிறுவனம் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சேவையைத் தொடங்கியபோது பறந்த டக்கோட்டா விமானம் இவ்வகையினதே. அதன் பின்கதவால் ஏறியவர்கள் முன்னாசனங்களை அடைவதற்கு மேட்டில் ஏறுவதுபோல நடந்து செல்ல வேண்டியிருந்தது. அக்காலத்தார் காரணமின்றி வாற்சில்லைத் தெரிந்தெடுக்கவில்லை. அது பாரம் குறைந்தது; செலவு குறைந்தது; மூக்கை உயர்த்தி வைத்தபடியால், புல்வெளியிலும் கரடுமுரடான நிலத்திலும் முன்னுள்ள விசிறி மண்ணில் மோதாமற் காத்தது.

இனி அதன் குறையைக் கவனிப்போம். ஒரு பொருளின் பாரம் முழுவதும் ஒரு புள்ளியிற் குவிந்திருப்பதாகக் கொண்டு, அப்புள்ளியைப் புவியீர்ப்பு மையம் என்று மாணவர் படித்திருப்பர். வாற்சில்லு விமானத்தில் இந்த மையம் பெரிய சில்லுகளுக்குச் சற்றுப் பின்னே இருக்கின்றது. எருதுகள் முன்னின்று இழுக்கும்போது வண்டி தானாகவே நேராகப் பின்தொடரும். அதே வண்டியைப் பின்னோக்கித் தள்ளினாலோ, சிறிய கோணலும் பெரிதாகி வண்டி குறுக்கே திரும்பிவிடும். வாற்சில்லு விமானத்துக்கும் இதுவே நேர்கின்றது. முன்னேயுள்ள சில்லுகள் நிலத்தைப் பற்றி ஓட்டத்தைத் தடுக்க, பின்னேயுள்ள பாரம் அவற்றைத் தள்ளுகின்றது. மூக்கு இடப்புறம் சிறிது திரும்பினால், பின்பாரம் வலப்புறத்தாற் சுற்றி வந்து முந்திச் செல்ல முயலும். விமானி உடனே காலால் மிதித்துத் திருத்தாவிடின் கோணல் கணத்துக்குக் கணம் வளரும். முடிவில் விமானம் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். வெளிப்புற இறகு நிலத்தில் உராயும். சிலவேளை காலும் முறியும். இதனைத் தரைச் சுழல் என்று கூறுவோம்.

மூக்குச் சில்லுள்ள விமானத்திலே மையம் பெரிய சில்லுகளுக்கு முன்னே இருப்பதனால், ஏற்பட்ட கோணலும் தானாக நேராகும். வாற்சில்லு விமானமோ விமானியின் கால்களை ஒரு கணமேனும் ஓயவிடாது. பக்கக் காற்று வீசினால் வாலின் நிமிர்ந்த பகுதி காற்றாடிபோலத் திரும்பப் பார்க்கும். அன்றியும், வேகம் குறையுந்தோறும் சுக்கானிற் படும் காற்றும் குறைந்து அதன் வலிமை தேய்கின்றது. இறங்கியாயிற்று என்று மனம் ஆறுதலடையும் அந்த வேளையே மிக்க அவதானம் வேண்டிய வேளையாகும்.

இவற்றையெல்லாம் ஓர் உதாரணங்கொண்டு விளக்குவோம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்திலுள்ள விச்சிட்டா நகரில் 1946ஆம் ஆண்டு செஸ்னா நிறுவனம் 120, 140 என்னும் இரு சிறு விமானங்களைக் கட்டத் தொடங்கியது. இருவர் அருகருகே அமரக்கூடிய இவ்விமானத்துக்கு 85 குதிரை வலுவுள்ள கொண்டினென்டல் இயந்திரம் பொருத்தப்பட்டது. 1951ஆம் ஆண்டு வரையில் ஏழாயிரத்துக்கு மேற்பட்டவை கட்டப்பட்டன. அவற்றுட் பல இன்றும் பறக்கின்றன. இவற்றின் கால்கள் வளைந்த வில்லுருக்குத் தகடுகளாலானவை. ஓஷ்கொஷ் நகரைச் சேர்ந்த ஸ்டீவ் விட்மன் என்னும் பந்தய விமானி கண்ட முறை அது. அவரிடமிருந்து செஸ்னா நிறுவனம் அதன் உரிமையைப் பெற்றது. இறப்பர்க் கயிறும் மூட்டுகளும் கொண்ட பழைய கால்களோடு ஒப்பிடும்போது இது மிக எளிமையானது, பராமரிப்பும் குறைவு.

ஆனால் இவ்விமானத்துக்கு ஒரு குறை இருந்தது. முதலிற் கட்டியவற்றில் பெரிய சில்லுகள் மையத்துக்கு மிகவும் அண்மையில் இருந்தன. ஆகவே பிறேக்கைப் பலமாக மிதித்தால் வால் எழும்பி மூக்கு நிலத்திற் குத்தும், விசிறி வளையும். இதற்கு மருந்தாக இடைத்துண்டு ஒன்றைச் செய்தனர். காலுக்கும் அச்சுக்கும் இடையே அதனைப் பொருத்தினால் சில்லு ஏறத்தாழ மூன்று அங்குலம் முன்னே போகும். மூக்குக் குத்தும் பயம் பெரிதும் குறைந்தது. நிறுவனமும் பின்னர்க் கட்டிய விமானங்களில் கால்களையே முன்சாய்த்து அமைத்தது.

மாணவர்கள் இங்கே சற்று நின்று சிந்தித்தல் வேண்டும். சில்லு முன்னே போனது என்றால் மையத்துக்கும் சில்லுக்கும் உள்ள தூரம் கூடியது என்பது பொருள். அத்தூரமன்றோ தரைச் சுழலுக்குக் காரணம் என்று மேலே கண்டோம்? மூக்குக் குத்தாமற் காத்த அதே இடைத்துண்டு, விமானம் சுழல்வதற்கு உள்ள நாட்டத்தைச் சிறிது வளர்த்துவிட்டது. வாலின் பாரமும் கூடியது. பிறேக்குப் பிடிக்கும்போது காலை முறுக்கும் விசையும் கூடி, கால் உடலோடு சேரும் இடத்தை வருத்தியது. சில்லைப் பின்னே தள்ளினால் மூக்குக் குத்தும். முன்னே தள்ளினால் வால் சுற்றும். இரண்டுக்கும் நடுவே ஓர் இடத்தைத் தெரிவதன்றி இரண்டு குறையையும் ஒருங்கே நீக்கும் இடம் எதுவும் இல்லை.

இவ்வனுபவம் செஸ்னாவுக்கு மாத்திரம் உரியதன்று. 1931ஆம் ஆண்டு முதன்முதற் பறந்த டைகர் மொத் என்னும் ஆங்கிலப் பயிற்சி விமானத்துக்கு பிறேக்கே கிடையாது. வாலிற் சில்லும் இல்லை. நிலத்தை உராய்ந்து செல்லும் சறுக்குக் கட்டையே இருந்தது. புல்வெளியில் அது போதுமானது. கனடாவிற் கட்டிய வகைக்கு பிறேக்கும் வாற்சில்லும் பொருத்த விரும்பியபோது, பிறேக்கினால் மூக்குக் குத்தாதிருக்கப் பெரிய சில்லுகளையும் முன்னே தள்ளிவைக்க நேர்ந்தது. ஓர் உறுப்பை மாற்றப் புகுந்தவர் மற்றோர் உறுப்பையும் மாற்றாது விடமுடியவில்லை.

ஆதலால் அனுபவம் மிக்கோர் ஒரு முறையைக் கைக்கொள்கின்றனர். புதிதாக எதையும் பூட்டுமுன், உள்ளவை யாவும் கட்டிய நாளில் இருந்த நிலையில் இருக்கின்றனவா என்று பார்ப்பதே அம்முறை. முரட்டு விமானம் என்று பழிக்கப்பட்டவை, பழுது நீக்கியபின் அடக்கமாய் ஓடுவது உண்டு.

முதலிற் பார்க்க வேண்டியது வாற்சில்லைத் தாங்கும் வில்லுத் தகடுகளை. பல்லாண்டு பாரம் சுமந்த தகடுகள் வளைவு குன்றித் தட்டையாகிவிடும். அப்போது வாற்சில்லு திரும்புவதற்கு ஆதாரமான நிமிர்ந்த தண்டின் மேல்நுனி முன்னோக்கிச் சாயும். அத்தண்டு செங்குத்தாகவோ, மேல்நுனி சற்றுப் பின்சாய்ந்தோ நிற்பதே முறை. முன்சாய்ந்தால் ஓடும்போது சில்லு இடமும் வலமுமாகக் கடகடவென்று ஆடத் தொடங்கும்; விமானம் முழுவதும் அதிரும். புதிய வாற்சில்லு வாங்கியும் ஆட்டம் தீராதவர் பலர். அவர்களுக்கு வேண்டியது புதிய தகடேயன்றிப் புதிய சில்லு அன்று.

அடுத்தது சுக்கானையும் வாற்சில்லையும் இணைக்கும் சங்கிலிகளும் சுருள்வில்லுகளும். தளர்ந்திருந்தால் விமானி மிதித்த பின்னரும் சில்லு தாமதித்தே திரும்பும். அத்தாமதத்துக்குள் கோணல் வளர்ந்துவிடும். மிக இறுகியிருந்தால் சிறு மிதிக்கும் சில்லு துள்ளித் திரும்பும். வாற்சில்லின் உள்ளே, குறித்த கோணம் வரை சுக்கானோடு இணைந்து திரும்பி, அதற்கு அப்பால் விடுபட்டுச் சுழலச் செய்யும் பூட்டு ஒன்று உண்டு. அது தேய்ந்துவிட்டால் விடுபடக்கூடாத வேளையில் விடுபட்டு விமானியைக் கைவிட்டுவிடும்.

மூன்றாவது பெரிய சில்லுகளின் நேர்மை. அவை இரண்டும் நேர் முன்னே நோக்கியிருத்தல் வேண்டும். அன்றி மிகச் சிறிது வெளிநோக்கியிருக்கலாம். உள்நோக்கி இருத்தல் தீது. விமானம் இடப்புறம் திரும்பும்போது பாரம் வலச்சில்லின்மேல் ஏறும். அச்சில்லு உள்நோக்கியிருந்தால் அதுவும் இடப்புறமே ஓடி, கோணலுக்குத் துணைபோகும். இதனை அளப்பதற்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. ஒவ்வொரு சில்லின் கீழும் கிறீஸ் பூசிய இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கால்கள் தடையின்றி விரிந்து தம் இயல்பான நிலையை அடையச் செய்வர். பின்னர் நீண்ட நேர்சட்டம் ஒன்றையும் தச்சரின் மூலைமட்டத்தையும் கொண்டு அளப்பர். பிழை கண்டால் அச்சுக்கும் காலுக்கும் நடுவே ஆப்புப்போன்ற மெல்லிய தகட்டைச் செருகித் திருத்துவர்.

ரயர்கள் இரண்டிலும் காற்றழுத்தம் சமமாக இருத்தல், பிறேக்குகள் இரண்டும் ஒருபடித்தாய்ப் பிடித்தல் ஆகியவற்றையும் மறத்தலாகாது. செஸ்னாவின் பழைய பிறேக்குகளைக் கழற்றிவிட்டு வலிமைமிக்க புதிய வகையைப் பொருத்துவோர் பலர். நல்லதே, ஆனால் வலிய பிறேக்கு மூக்குக் குத்தும் பழைய பயத்தைத் திரும்ப அழைத்து வரும் என்பதையும் அவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்.

இத்தகைய மாற்றங்களை நினைத்தவாறு செய்துவிட அமெரிக்கச் சட்டம் இடங்கொடாது. அவ்வகை விமானத்துக்கு அம்மாற்றம் பொருந்தும் என்பதற்கு விமானத்துறை அதிகாரிகளின் அங்கீகாரம் வேண்டும். செய்த வேலையை விமானத்தின் பதிவேட்டில் எழுதவேண்டும். பாரம் மாறினால் எடைக்கணக்கைத் திருத்தவேண்டும். ஆண்டுதோறும் தகுதிபெற்ற பரிசோதகரின் சோதனையும் உண்டு. சிலருக்கு இவை வீண் தொல்லையாகத் தோன்றலாம். ஆயினும் பத்தாண்டுகளின் பின் அவ்விமானத்தை வாங்கும் அந்நியன் ஒருவன், முன்னே சாய்ந்த காலோடு இடைத்துண்டும் சேர்ந்திருப்பதை அறிந்து தன்னைக் காத்துக்கொள்வது அப்பதிவேட்டினால் அன்றோ?

1958ஆம் ஆண்டில் செஸ்னா நிறுவனம் மூக்குச் சில்லோடு கூடிய 150 என்னும் விமானத்தை வெளியிட்டது. பயிற்சி பெறுவோர்க்கு அது பெரும் உபகாரமாயிற்று. ஆயினும் அந்த 150ஐயே வாங்கி, மூக்குச் சில்லைக் கழற்றி, வாற்சில்லுப் பூட்டி ஓட்டுவோரும் உளர்! கரடான நிலத்தில் இறங்குவதற்கு அது உதவும் என்பது ஒரு காரணம். விமானியின் கால்களுக்கு நல்ல பயிற்சி என்பது மற்றொரு காரணம். மூக்குச் சில்லு மன்னித்துவிடும் பிழையை வாற்சில்லு மன்னிப்பதில்லை.

வில்லுருக்குக் கால்களைத் தந்த விட்மனின் பெயரை இன்று ஓஷ்கொஷ் விமானத்துறை தாங்கி நிற்கின்றது. அவருடைய முடிவையும் இங்கே கூறுதல் வேண்டும். 1995ஆம் ஆண்டு ஏப்பிரலில், தமது 91ஆம் வயதில், தாமே கட்டிய விமானத்திற் பறக்கையில் அது வானிற் சிதைந்து அவரும் மனைவியாரும் இறந்தனர். இறகின்மேல் ஒட்டிய துணி அடிப்பலகையிலிருந்து விடுபட்டமையே விபத்தின் மூலம் என்று விசாரணையிற் கண்டனர். புதுமை காண்பதிற் பேர்பெற்ற ஒரு மேதையின் உயிரும் ஒட்டுவேலை ஒன்றில் தங்கியிருந்தது.

பழையது சரியாக இயங்கவில்லை என்றால் உடனே ஏதேனும் புதியதைப் பொருத்த மனம் விரைகின்றது. வீட்டுக் கிணற்றுக் கப்பியாயினும், பள்ளிக்கூடப் பாடத்திட்டமாயினும் எமது வழக்கம் இதுவே. மாற்றம் வேண்டாம் என்பது எமது கருத்தன்று. தேய்ந்தது எது, தளர்ந்தது எது என்று முதலில் தேடிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னும் மாற்றம் வேண்டுமாயின், அது எந்தப் பக்கத்தில் எதைக் கொடுத்து எந்தப் பக்கத்தில் எதை எடுக்கின்றது என்று கணக்கிட்டுச் செய்தல் வேண்டும். மூன்று அங்குல இடைத்துண்டு கற்பிக்கும் கணக்கு இது. மாணவர்கள் இதனைத் தம் பாடப் புத்தகத்துப் புவியீர்ப்பு மையத்தோடு சேர்த்துப் படித்துக்கொள்வார்களாக.